பியர் விற்பனைச் செய்திகளில் விடுபடும் அளவு

ஆசிரியர் அவர்களுக்கு,

நாட்டின் பியர் சந்தை வளர்கிறதா, சுருங்குகிறதா என்பது பற்றித் தமிழ்ப் பத்திரிகைகளின் வணிகப் பக்கங்களில், உங்கள் பத்திரிகை உட்பட, ஆண்டுதோறும் செய்திகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. வரி கூட்டப்பட்ட காலத்தில் விற்பனை வீழ்ச்சி என்றும், நிறுவனங்களின் காலாண்டு அறிக்கைகள் வெளியாகும் காலத்தில் வருமானம் அதிகரிப்பு என்றும் தலைப்பு இடப்படுகிறது. இவற்றில் எதையும் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. முதலாவது வகைச் செய்தி லீற்றரில் அளக்கிறது, இரண்டாவது ரூபாயில் அளக்கிறது. விற்கப்பட்ட பியருக்குள் எவ்வளவு தூய மதுசாரம் இருந்தது என்பதை இரண்டுமே சொல்வதில்லை. இலங்கையின் பியர் சந்தையில் நடந்திருக்கும் மிகப் பெரிய மாற்றம் அந்தச் சொல்லப்படாத அளவில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

கொழும்பில் மதுபான அனுமதிப்பத்திரம் பெற்ற சில உணவகங்களுக்கும் விடுதிகளுக்கும் கணக்கு எழுதுவது என் தொழில். குடிப்பவனா என்று கேட்டால், கலியாண வீடுகளில் எப்போதாவது. இந்தக் கடிதத்துக்கு அது முக்கியமில்லை. முக்கியமானது களஞ்சிய அறையில் நான் பார்ப்பது. போயா தினத்தில் விற்பனை இல்லை என்பதால் அன்றுதான் பெரும்பாலான இடங்களில் இருப்புக் கணக்கு எடுப்பார்கள். பலகைகளுக்கு மேல் பெட்டிகளை அடுக்கி, 625 மில்லிலீற்றர் போத்தல், 500 மில்லிலீற்றர் ரின், 330 மில்லிலீற்றர் என்று பிரித்து, ஒவ்வொன்றையும் சாதாரண லாகர், ஸ்ட்ரோங் எனப்படும் கடுமையான வகை என இரண்டு நிரல்களில் குறித்துக்கொள்வோம். வெளிநாட்டவர் வந்து தங்கும் கடற்கரைப் பக்க விடுதிகளை விட்டுவிட்டால், மற்ற எல்லா இடத்திலும் ஸ்ட்ரோங் நிரல்தான் வேகமாக ஓடுகிறது. லாகர்ப் பெட்டிகள் மூலையில் தூசி படிந்து கிடக்க, ஸ்ட்ரோங் பெட்டிகளோ நிலத்தில் இறக்கிய கையோடு குளிரூட்டிக்குள் போய்விடுகின்றன. இது என் வாடிக்கையாளர்களின் கடைகளில் மட்டும் நடக்கும் விசேஷம் இல்லை. இலங்கையில் விற்பனையாகும் பியரின் பெரும்பங்கு ஸ்ட்ரோங் வகையே என்பது தொழில்துறையில் இருப்பவர்கள் எல்லோரும் அறிந்த விடயம். உலகின் பெரும்பாலான நாடுகளில் பியர் என்றால் 5 வீதத்தை ஒட்டிய லாகர் என்று பொருள்படும்போது, இங்கும் இந்தியாவிலும் கடுமையான வகை சந்தையை ஆள்கிறது.

இதன் பொருள் என்ன என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் விளங்கும். நம் நாட்டில் அதிகம் புழங்கும் லாகரில் மதுசாரம் 4.8 வீதம், ஸ்ட்ரோங் வகையில் 8.8 வீதம். 500 மில்லிலீற்றர் லாகர் ரின் ஒன்றில் 24 மில்லிலீற்றர் தூய மதுசாரம் இருக்கிறது. அதே அளவு ஸ்ட்ரோங் ரின்னில் 44 மில்லிலீற்றர். 625 மில்லிலீற்றர் ஸ்ட்ரோங் போத்தல் என்றால் 55 மில்லிலீற்றர். இப்போது சாராயத்தை எடுத்துக்கொள்வோம். 33.5 வீதச் சாராயம் 180 மில்லிலீற்றர் கால் போத்தலில் ஏறத்தாழ 60 மில்லிலீற்றர் மதுசாரம் இருக்கிறது. ஆக, ஒரு பெரிய ஸ்ட்ரோங் பியர் போத்தலுக்கும் ஒரு கால் போத்தல் சாராயத்துக்கும் இடையில் உள்ள தூரம் வெறும் 5 மில்லிலீற்றர்தான். "பியர்தானே குடித்தேன்" என்று வீட்டில் சொல்லும் ஒருவர் இரண்டு பெரிய போத்தல் ஸ்ட்ரோங் குடித்திருந்தால், அவர் ஏறத்தாழ அரைப் போத்தல் சாராயத்துக்குச் சமமானதைக் குடித்திருக்கிறார்.

இதைச் சந்தை அளவில் வைத்துப் பார்த்தால் லீற்றர் கணக்கு எவ்வளவு தூரம் நம்மை ஏமாற்றும் என்பது தெரியும். விளக்கத்துக்காக ஓர் உதாரணம் சொல்கிறேன்; இவை எந்த நிறுவனத்தின் புள்ளிவிபரங்களும் அல்ல. ஓர் ஊரில் 100 லீற்றர் பியர் விற்கிறது, அதில் பாதி லாகர், பாதி ஸ்ட்ரோங் என்று வைத்துக்கொள்வோம். அதிலுள்ள தூய மதுசாரம் 6.8 லீற்றர். சில வருடங்கள் கழித்து விற்பனை 90 லீற்றராகக் குறைகிறது, ஆனால் அதில் முக்கால்வாசி ஸ்ட்ரோங் ஆகிவிடுகிறது. இப்போது மதுசாரம் 7 லீற்றரைச் சற்றே தாண்டிவிடும். பத்திரிகை "பியர் விற்பனை 10 வீதத்தால் வீழ்ச்சி" என்று எழுதும். சுகாதார அமைச்சில் ஒருவர் மனம் ஆறுதலடைவார். நிதி அமைச்சில் ஒருவர் வரி வருமானம் குறையுமோ என்று கவலைப்படுவார். அந்த ஊர் மக்களோ முன்பைவிட அதிக மதுசாரத்தைக் குடித்திருப்பார்கள்.

ஸ்ட்ரோங் ஏன் இப்படி முன்னேறியது? இதற்குக் குடிப்பவர்களின் குணத்தைக் காரணம் காட்டுவோர் உண்டு. நம்மவர்களுக்கு ருசி பெரிதல்ல, வெறி ஏற வேண்டும் என்பதே நோக்கம் என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் விலையைப் பார்க்காமல் குணத்தைப் பேசுவது கணக்காளனுக்கு அழகல்ல. வரி வரலாற்றிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

2017 நவம்பரில் அப்போதைய நிதி அமைச்சர் மங்கள சமரவீர சமர்ப்பித்த வரவு செலவுத் திட்டத்தில் மதுபானங்கள் மீதான தீர்வையை அவற்றிலுள்ள மதுசார அளவின் அடிப்படையில் அறவிடும் முறை கொண்டுவரப்பட்டது. அதற்கு முந்தைய வருடங்களில் பியர் மீதான தீர்வை கடுமையாக உயர்த்தப்பட்டு, மதுசார அளவோடு ஒப்பிட்டால் சாராயத்தைவிடப் பியர் அதிக வரி சுமக்கும் நிலை ஏற்பட்டிருந்தது. கடுமையான மதுவிலிருந்து மென்மையான மதுவை நோக்கி மக்களை நகர்த்த வேண்டும் என்ற வாதம் அப்போது முன்வைக்கப்பட்டது. பியரின் விலையும் குறைந்தது. எதிர்ப்பும் எழுந்தது. பியரை மலிவாக்குகிறார்கள் என்ற குற்றச்சாட்டு அன்றைய மேடைகளில் ஓயாமல் ஒலித்தது. (அடுத்த ஜனவரியில் பெண்கள் மதுபானம் வாங்குவதற்கும் மதுபானசாலைகளில் வேலை செய்வதற்கும் இருந்த பழைய தடையை அதே அமைச்சர் நீக்க, ஜனாதிபதி சில நாட்களிலேயே அதை மீளப்பெறச் செய்த கதை வேறு. அந்தச் சச்சரவில் வரி முறை பற்றிய விவாதம் அமுங்கிப்போனது என்பதே எனக்கு வருத்தம்.)

மதுசார அளவுக்கு வரி என்பது நியாயமான கொள்கை. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அது மட்டும் போதாது என்பதை விலைப் பட்டியலைப் பார்த்தால் உணரலாம். ஒரு ரின் பியரின் விலையில் தீர்வை மட்டும் இல்லை. ரின் அல்லது போத்தல், லொறிச் செலவு, குளிரூட்டிக்கு மின்சாரம், முகவரின் இலாபம், கடைக்காரரின் இலாபம் எல்லாம் இருக்கின்றன. உள்ளே இருப்பது 4.8 வீதமா 8.8 வீதமா என்பதால் இந்தச் செலவுகள் பெரிதாக மாறுவதில்லை. ஸ்ட்ரோங் பியர் தயாரிக்கக் கூடுதல் மோல்ட்டோ சீனியோ தேவைப்படும் என்பது உண்மை. ஆயினும் முழு விலையில் அந்த வித்தியாசம் சிறியது. ஆகவே தீர்வை மதுசாரத்துக்கு ஏற்ப ஏறினாலும் கடை விலை அதே விகிதத்தில் ஏறுவதில்லை. ஸ்ட்ரோங் ரின்னில் மதுசாரம் ஏறத்தாழ இரு மடங்கு. விலை அப்படி இரு மடங்காக இல்லை. கையில் இருக்கும் காசுக்கு எது அதிகம் தருகிறது என்று பார்ப்பவர் எதை எடுப்பார் என்பதற்கு உளவியல் ஆய்வு தேவையில்லை. அரிசிக் கடையில் சம்பாவையும் நாட்டரிசியையும் ஒப்பிட்டு வாங்கும் குடும்பத் தலைவி செய்யும் அதே கணக்கைத்தான் அவரும் செய்கிறார்.

இதனோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபை அமைக்கப்பட்டு, மதுபான விளம்பரங்களும் அனுசரணைகளும் தடைசெய்யப்பட்டன. 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்பதும் தடையானது. அந்தச் சட்டத்தை நான் வரவேற்பவன். மது விளம்பரங்கள் வந்துகொண்டிருந்த காலம் திரும்பக் கூடாது. ஆயினும் விளம்பரமே இல்லாத சந்தையில் ஒரு பொருள் தன்னைப் பற்றிச் சொல்லக்கூடிய இடம் அதன் லேபல் மட்டும்தான். அந்த லேபலில் வாங்குபவர் கண்ணுக்கு உடனே படும் தகவல் மதுசார வீதம். நாட்டின் சுவர்களிலும் திரைகளிலும் இல்லாத விளம்பரத்தை 8.8 என்ற அந்த எண் ஒரு ரூபாய் செலவில்லாமல் செய்துகொண்டிருக்கிறது. புதிதாக ஒரு மென்மையான பியரை, அல்லது ஐரோப்பாவில் இப்போது பரவிவரும் மதுசாரமற்ற பியரை, இங்கே அறிமுகப்படுத்த விரும்பும் நிறுவனத்துக்கு அது இருக்கிறது என்று சொல்வதற்கே வழியில்லை. இருப்பவர்கள் இருந்த இடத்திலேயே பலமடைகிறார்கள்.

இருப்பவர்கள் யார் என்பதும் எல்லோரும் அறிந்ததே. இங்கே பியர் என்றாலே லயன் என்னும் அளவுக்கு ஒரு நிறுவனத்தின் பங்கு மிகப் பெரிது. குருநாகல் மாவட்டத்தில் மாவத்தகமையில் உற்பத்திச்சாலை வைத்திருக்கும் ஹைனெக்கன் அதற்கு அடுத்த நிலையில் உள்ளது. லயனின் வேர் நுவரெலியாவில் இருக்கிறது. பின்னாளில் ஆபிரிக்காவில் அல்பேர்ட் ஏரியைத் தேடிப் போன சாமுவேல் பேக்கர் 1849இல் நுவரெலியாவின் குளிரையும் ஊற்று நீரையும் நம்பி அங்கே பியர் வடித்தார். 1881இல் அங்கு சிலோன் புறூவரி நிறுவப்பட்டது. பிற்காலத்தில் கொழும்புச் சந்தைக்கு அருகில் இருக்க வேண்டும் என்ற தேவை பியகமைக்கு அதைக் கொண்டுவந்தது. 2014இல் த்ரீ கொயின்ஸ் போன்ற பெயர்களைக் கொண்டிருந்த மில்லர்ஸ் நிறுவனத்தையும் லயன் வாங்கிக்கொண்டது. ஒரு சந்தை இவ்வளவு தூரம் ஒரே கையில் குவிந்திருக்கும்போது என்ன ஆபத்து என்பதை 2016 மே மாதத்தில் கண்டோம். களனி கங்கை பெருக்கெடுத்துப் பியகம உற்பத்திச்சாலை நீரில் மூழ்கியது. மாதக்கணக்கில் உற்பத்தி நின்றது. வெளிநாட்டிலிருந்து பியர் இறக்குமதி செய்து இடைவெளியை நிரப்ப வேண்டியிருந்தது. நான் கணக்கு எழுதும் ஓர் இடத்தில் அந்த மாதங்களில் அதுவரை கேள்விப்படாத பெயர்களெல்லாம் இருப்பேட்டில் ஏறின, விலையும் ஏறியது, வாடிக்கையாளர்களில் ஒரு பகுதியினர் சாராயத்துக்குத் திரும்பினார்கள்.

மூலப்பொருளும் நம் மண்ணில் விளைவதில்லை. பார்லி மோல்ட்டும் ஹொப்ஸும் கப்பலில் வருகின்றன. 2022 மார்ச்சில் ரூபாயின் பெறுமதியைச் சந்தை தீர்மானிக்க விட்டதும் டொலர் ஒன்று ஏறத்தாழ 200 ரூபாயிலிருந்து சில வாரங்களிலேயே 350ஐத் தாண்டிப் போனபோது, பியர் உற்பத்திச் செலவும் அதனோடு சேர்ந்து ஏறியது. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பில் பணவீக்கம் 69.8 வீதத்தைத் தொட்டது. அதன் பின் அரசாங்கத்தின் வருமானத்தை உயர்த்த வேண்டிய நெருக்குதலில் 2023 தொடக்கத்தில் மதுபானத் தீர்வை 20 வீதத்தால் கூட்டப்பட்டது; ஆண்டின் நடுவில் மறுபடியும் கூட்டப்பட்டது; 2024 ஜனவரியில் மீண்டும் 14 வீதம். அதே ஜனவரியில் வற் வரி 15இலிருந்து 18 வீதமானது. 2025 ஜனவரியில் இன்னும் ஏறத்தாழ 6 வீதம் சேர்ந்தது.

இந்த இடத்தில்தான் ரூபாய்க் கணக்கின் குறைபாட்டைச் சொல்ல வேண்டும். ஒரு ரின் பியரின் விலையில் பெரும்பகுதி அரசாங்கத்துக்குப் போகும் வரி. வரி கூடினால் விற்பனை லீற்றர் மாறாமலேயே, ஏன், குறைந்தபோதும்கூட, விற்பனை ரூபாய் ஏறிவிடும். அப்படி ஏறிய ரூபாயைப் பார்த்துப் பியர்த் துறை வளர்கிறது என்று எழுதுவது, வாடகையைக் கூட்டியதால் வருமானம் ஏறிய வீட்டுக்காரருக்கு இன்னொரு மாடி கட்டியவர் என்று பெயர் சூட்டுவதற்குச் சமம். உங்கள் வணிகப் பக்க ஆசிரியர் பீடம் இதை அறியாதது அல்ல என்றே நினைக்கிறேன். பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனத்தின் அறிக்கை கையில் வரும்போது, அதிலுள்ள முதல் எண்ணை எடுத்துத் தலைப்பு இடுவது நேரமில்லாத மேசைகளில் நடக்கக்கூடியதுதான். முதலீட்டாளருக்கும் அந்தத் தலைப்பால் பயனில்லை. வரியைக் கழித்த பின் மிஞ்சும் தொகை, லீற்றருக்கு எவ்வளவு இலாபம், எந்த வகை விற்றது என்பவையே அவருக்கு வேண்டியவை.

வரி ஏற்றத்தைப் பற்றி எழுதும்போது, சட்டவிரோதமாக வடிக்கும் கசிப்பைப் பற்றி எழுதாமல் விட முடியாது. 2020 மார்ச்சில் ஊரடங்கு போடப்பட்டு மதுபானக் கடைகள் மூடப்பட்டபோது கசிப்புச் சுற்றிவளைப்புகள் பற்றிய செய்திகள் பெருகியதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தீர்வை கூடும் ஒவ்வொரு தடவையும் தொழில்துறை இதையே நினைவூட்டுகிறது: சட்டபூர்வமான மது எட்டாக்கனியானால் மக்கள் சட்டவிரோத மதுவை நாடுவார்கள் என்று. இது வெறும் மிரட்டல் அல்ல, உண்மையும் உண்டு. ஆனால் இந்த வாதத்தைச் சொல்பவர்கள் ஒரு விடயத்தைச் சேர்த்துச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். கசிப்போடு விலையில் போட்டிபோடுவது சாராயம். பியரில் கடுமையான வகை அந்தப் போட்டியில் இடைநிலை ஒன்றைப் பிடித்துக்கொண்டது. சாராயம் கட்டுப்படியாகாதவரும் கசிப்பைத் தொட அஞ்சுபவரும் ஸ்ட்ரோங்கில் வந்து நிற்கிறார்கள். மென்மையான மதுவை நோக்கிய நகர்வு என்று 2017இல் எதிர்பார்க்கப்பட்டது இதுதானா என்று கேட்பது நியாயமே. சாராயத்தை விட்டுப் பியருக்கு வந்தவர் குறைவாகக் குடிக்கிறார் என்று எண்ணிக்கொள்ளும் கொள்கை வகுப்பாளர், அவர் எந்தப் பியருக்கு வந்தார் என்று பார்த்தாக வேண்டும்.

மென்மையான மது என்று பேசும்போது வடக்கைப் பற்றிச் சொல்லாமல் இருப்பது கொழும்பில் இருந்து எழுதும் தமிழர்களுக்கு ஒரு பழக்கமாகிவிட்டது. பதமான பனங்கள்ளில் மதுசாரம் சாதாரண லாகரின் அளவிலோ அதற்குச் சற்று மேலாகவோதான் இருக்கும். மூலப்பொருளுக்கு ஒரு டொலரும் வெளியே போவதில்லை. சீவுபவருக்கும் கூட்டுறவுச் சங்கத்துக்கும் வருமானம் உள்ளூரிலேயே தங்குகிறது. பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் கள்ளைப் போத்தலில் அடைத்து விற்கும் வேலையையும் பல காலமாகச் செய்துவருகின்றன. ஆனால் கள் சில மணி நேரத்தில் புளித்துவிடும் பொருள்; பருவத்துக்குக் கட்டுப்பட்டது; மரமேறும் தொழிலுக்கு இளைஞர்கள் வருவது அருகிவிட்டது. குளிரூட்டியில் வருடம் முழுவதும் ஒரே சுவையில் கிடைக்கும் ரின்னோடு அது போட்டிபோட வேண்டியிருக்கிறது. யாழ்ப்பாணத்திலும் கிளிநொச்சியிலும் புதிய மதுபானசாலைகளுக்கு எதிராக மக்கள் போராடும் செய்திகளை உங்கள் பத்திரிகை சிறப்பாக வெளியிட்டு வருகிறது. அந்தக் கடைகளில் விற்பது என்ன என்ற கேள்வியை அந்தச் செய்திகளில் நான் கண்டதில்லை. அனுமதிப்பத்திரம் யாருக்குக் கிடைத்தது, எந்த அரசியல்வாதியின் சிபாரிசில் கிடைத்தது என்பதோடு செய்தி முடிந்துவிடுகிறது. கள்ளுத் தவறணையின் வாடிக்கையாளர் ஸ்ட்ரோங் ரின்னுக்கு மாறினாரா என்பதை எந்த நிருபரும் அங்கே போய் ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்து பார்க்கலாம்.

சுற்றுலாத்துறை பற்றியும் ஒரு வார்த்தை. 2024இல் 20 இலட்சத்துக்கும் அதிகமான வெளிநாட்டுப் பயணிகள் நாட்டுக்கு வந்தார்கள். அவர்களின் வருகையும் பியர் விற்பனையை உயர்த்துகிறது என்பதில் சந்தேகமில்லை. அவர்களில் பெரும்பாலோர் கேட்பது லாகர். ஏற்றுமதியில் பெயர் பெற்ற நம் லயன் ஸ்டௌட்டை, அதன் கடுமை 8.8 வீதம் என்று தெரிந்தே, சுவைக்காகத் தேடிக் கேட்பவர்களும் உண்டு. ஆகவே கடுமையான பியர் என்றாலே தரக்குறைவு என்று யாரும் கருதத் தேவையில்லை. உணவோடு ஒரு கிளாஸ் ஸ்டௌட்டை மெல்ல மெல்லக் குடிப்பவரையும், வேலை முடிந்து பஸ்ஸுக்கு முன் இரண்டு ரின்னை அவசரமாக வெறுமையாக்குபவரையும் ஒரே விற்பனை எண்ணுக்குள் அடக்குவதையே நான் குறை சொல்கிறேன்.

தீர்வு பற்றி நான் சொல்லக்கூடியது குறைவு; நான் கொள்கை வகுப்பவன் அல்ல. ஆயினும் இரண்டு விடயங்கள் எனக்குத் தெளிவாகத் தெரிகின்றன. குறிப்பிட்ட ஒரு வீதத்துக்கு மேற்பட்ட பியருக்கு மதுசார அலகு ஒன்றுக்கான தீர்வையைச் சற்றுக் கூட்டி வைத்தால், போத்தலும் லொறியும் ஏற்படுத்தும் விலைச் சாய்வை ஓரளவு நேராக்கலாம். அப்படிச் செய்யும்போது லாகரின் தீர்வையைக் கூட்டாமல் விடுவதற்கு அரசாங்கத்துக்கு மனவுறுதி வேண்டும். திறைசேரி ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் எடுக்கும் வழக்கத்தை நாம் அறிவோம். இன்னொன்று, லேபலில் வீதத்தை மட்டும் அச்சிடாமல், இந்தப் போத்தலில் இத்தனை மில்லிலீற்றர் தூய மதுசாரம் இருக்கிறது என்று சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் அச்சிட வைப்பது. வீதத்தைப் பெருக்கிப் பார்க்க எல்லோருக்கும் வராது. 55 மில்லிலீற்றர் என்று எழுதியிருந்தால், கால் போத்தல் சாராயத்தில் 60 என்று எழுதியிருப்பதோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்குப் பள்ளிக்கூடப் படிப்பு அதிகம் வேண்டியதில்லை. இது விற்பனையைக் கூட்டும் விளம்பரமாகவே முடியும் என்று சிலர் சொல்வார்கள். அந்த ஆபத்து இப்போதுள்ள வீத எண்ணிலும் இருக்கிறது. அந்த வீத எண் வாங்குபவருக்கு மட்டும் பயன்படுகிறது, அவரது வீட்டாருக்குப் பயன்படுவதில்லை.

உங்கள் பத்திரிகையிடம் நான் கேட்பது இவற்றைவிடச் சிறியது. தீர்வை மதுசார அளவின் மீது அறவிடப்படுகிறது என்றால், ஒவ்வொரு உற்பத்திச்சாலையிலிருந்தும் எவ்வளவு மதுசாரம் வெளியே போனது என்ற எண் மதுவரித் திணைக்களத்தின் ஏடுகளில் இருந்தே தீர வேண்டும். அந்த எண் இல்லாமல் வரியைக் கணக்கிடவே முடியாது. சாதாரண வகை எவ்வளவு, கடுமையான வகை எவ்வளவு என்று பிரித்து, கடந்த பத்து ஆண்டுகளுக்கான விபரத்தை நிறுவனங்களின் பெயர் இல்லாமல் மொத்தமாகத் தந்தாலே போதும். வியாபார இரகசியம் என்று மறுக்கவும் இடமிருக்காது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் ஒன்றை அனுப்பினால் 14 வேலை நாட்களுக்குள் தகவல் அதிகாரி தன் தீர்மானத்தைத் தெரிவிக்க வேண்டும். தனி மனிதனாகிய நானும் அனுப்பலாம், அனுப்பவும் எண்ணியிருக்கிறேன். ஆனால் எனக்கு வரும் பதில் என் மேசை இலாச்சிக்குள் முடங்கிவிடும். பத்திரிகைக்கு வரும் பதில் வணிகப் பக்கத்தில் ஓர் அட்டவணையாக வரும். அந்த விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம் என்பதையும், கேள்விகளை வரையறுப்பதில் கணக்கு சம்பந்தமான உதவி வேண்டுமானால் செய்துதரத் தயாராக இருக்கிறேன் என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
கணக்காளர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.